பூச்சால்தான் பிராக்கெட் கழன்றதா?
மகளுக்குப் பல் கிளிப் ஒட்டும் முன் பாதுகாப்புப் பூச்சு போட்டார்கள், ஒரே வாரத்தில் இரண்டு பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) கழன்றுவிட்டன, பூச்சுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பூச்சு என்று முதலில் கேளுங்கள். ஃபுளோரைடு வார்னிஷ் பல்மேல் பிசினாகப் படியும். தேய்த்து எடுக்காமல் ஒட்டினால் பிடிமானம் குறையலாம். ரெசின் சீலன்ட், அதாவது பல்லில் கெட்டியாகும் பிளாஸ்டிக் போன்ற பூச்சு, வேறு. அதைப் போடும் முன் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் தடவிக் கழுவி உலர்த்தியதும், பல்லின் மேலோடான எனாமலில் நுண்துளைகள் விழுந்து சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். சீலன்ட் அந்த நுண்துளைகளில் இறங்கிக் கெட்டியாகும். அதன்மேல் ஒட்டினால் பொதுவாகப் பிடிப்பு குறைவதில்லை.

எனக்கு எச்சில் மீதுதான் சந்தேகம். அமிலம் வைத்த பல்லில் துளி பட்டாலே போதும். கழன்ற பிராக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள்: அங்கே பசை பிடிக்க இருக்கும் வலையில் பசை முழுதும் இருந்தால், பல் பக்கம்தான் பிடிக்கவில்லை. தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், முறுக்கும் கடலைமிட்டாயும் இப்போதைக்கு வேண்டாம்.