கடலைத் தூர்த்து நிலமாக்குவது: சிங்கப்பூர் பற்றிய உங்கள் கேள்விகள்

சிங்கப்பூர் நாகூர் தர்கா கடற்கரையில் கட்டப்பட்டது என்கிறார்கள். அங்கே கடலையே காணோமே?

கட்டும்போது கடல் எதிரேதான் இருந்தது. 1828 வாக்கில் தென்னிந்திய முஸ்லிம்கள் தெலுக் ஆயர் தெருவில் அதை எழுப்பத் தொடங்கியபோது அந்தத் தெருவே கரையோரம். பிறகு அதே நூற்றாண்டில் எதிரே தூர்த்தார்கள், அப்புறம் இன்னும் தூர்த்தார்கள். பீச் ரோடு என்ற பெயரும் அப்படி மிஞ்சியதுதான். 1965இல் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இப்போது சுமார் 735.

மணலைக் கொட்டினால் நிலமாகிவிடுமா?

ஆகாது, சிரமமே அதற்குப் பிறகுதான். அடியில் இருப்பது தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் கடற்களிமண். மேலே பாரம் ஏறினால் அந்தத் தண்ணீர் மெல்லக் கசியும், கசியக் கசிய நிலம் அமுங்கும், அதன் போக்கில் விட்டால் பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால் ரிப்பன் போன்ற பிளாஸ்டிக் வடிகால்களைக் களிமண்ணுக்குள் நெருக்கமாகச் செங்குத்தாக இறக்கி, மேலே தேவைக்கு அதிகமாக மணலைக் குவித்து, மாதக்கணக்கில் காத்திருந்து, எவ்வளவு அமுங்கியது என்று அளந்து பார்த்த பிறகே மிகை மணலை அள்ளுவார்கள். ஜப்பானின் கன்சாய் விமான நிலையத் தீவிலும் மேல்களிமண்ணுக்கு வடிகால் போட்டார்கள். அதற்கும் கீழே இருந்த பழைய களிமண் அடுக்குகள் எட்டாத ஆழம். 1994இல் திறந்த அந்தத் தீவு இன்னும் அமுங்குகிறது. அவசரப்படக் கூடாத வேலை இது.

பாலைவன மணல் உதவுமா?

உதவாது. காற்றில் உருண்டு வழவழப்பான நுண்மணல், இறுகாது. துபாயே பாம் தீவுக்குக் கடலடி மணலைத்தான் எடுத்தது.

இன்னும் எவ்வளவு தூரம் தூர்க்கலாம்?

ஆழம் கூடக்கூட மணலும் செலவும் எகிறும், கப்பல் பாதையை அடைக்க முடியாது, பக்கத்து நாட்டின் எல்லையும் இருக்கிறது: 2003இல் மலேசியா இந்தத் தூர்ப்பை எதிர்த்து சர்வதேசக் கடல்சட்டத் தீர்ப்பாயத்துக்கே போய், 2005இல்தான் சமரசம் ஆனது. எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் மணல். மலேசியா 1997இலும் இந்தோனேசியா 2007இலும் கம்போடியா 2017இலும் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. தோண்டப்படும் மணல் இன்னொரு நாட்டு மீனவரின் கரை என்பதால் அந்தத் தடைகள் நியாயமானவை என்றே நினைக்கிறேன். தெக்கோங் தீவில் நெதர்லாந்து முறைக்குப் போனது இதனால்தான்: அணை கட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, கடல் மட்டத்துக்குக் கீழேயே சுமார் 800 ஹெக்டேர். மணல் மிச்சம், ஆனால் பம்பை என்றைக்கும் நிறுத்த முடியாது.

பவளப்பாறைகள் என்ன ஆயின?

பாதிக்கும் மேல் போய்விட்டன. புதைந்தவை ஒரு பக்கம் என்றால், கலங்கிய நீரில் வெளிச்சம் கிடைக்காமல் செத்தவை இன்னொரு பக்கம். உபின் தீவின் செக் ஜாவா என்ற ஈரநிலக் கரையும் தூர்க்கப்பட்டுப் போயிருக்க வேண்டியது; மக்கள் நேரில் போய்ப் பார்த்து, எழுதி, விடாமல் கேட்டதால் 2001 இறுதியில் பணியைத் தள்ளிவைத்தார்கள். கைவிட்டதாகச் சொல்லவில்லை, தள்ளிவைத்ததாகத்தான் சொன்னார்கள். போகிறவர்கள் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள், அப்போதுதான் கடற்புல்லும் நட்சத்திர மீனும் கண்ணில் படும்.