ஏழாம் புத்தகத்தில் நின்றுவிட்டதா? அரிஸ்டாட்டிலை எந்த வரிசையில் படிப்பது

கேள்வி: அரிஸ்டாட்டிலின் ‘மெட்டாபிசிக்ஸ்’ நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் முதல் பக்கத்திலிருந்து படித்து வந்தேன். ஏழாம் புத்தகத்தில் ஒன்றுமே பிடிபடவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். இடைக்காலத்தின் பெரும் மெய்யியலாளரான இப்னு சீனாவே இதை 40 முறை படித்தும் புரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார். அவருக்கு முந்தைய மெய்யியலாளர் அல்-ஃபராபி இதன் நோக்கத்தை விளக்கி எழுதிய சிறு நூல் ஒன்று கைக்கு வந்த பிறகே அவருக்கு வழி தெரிந்தது.

‘மெட்டாபிசிக்ஸ்’ ஒரே மூச்சில் எழுதிய நூல் அல்ல. தனித்தனியாக இருந்தவற்றைப் பின்னால் வந்தவர்கள் 14 புத்தகங்களாகத் தொகுத்தார்கள். பிளேட்டோவின் வடிவக் கொள்கைக்கான (பொருள்களுக்கு அப்பால் தனித்து நிற்கும் வடிவங்கள் உண்டு என்பது) மறுப்பு 1ஆம் புத்தகத்திலும் 13ஆம் புத்தகத்திலும் ஏறக்குறைய அதே சொற்களில் வருவது அதனால்தான். 11ஆம் புத்தகத்தில் புதிதாக அதிகமில்லை. முற்பாதி 3, 4, 6ஆம் புத்தகங்களின் சுருக்கம், பிற்பாதி அரிஸ்டாட்டிலின் இன்னொரு நூலான ‘பிசிக்ஸ்’-இலிருந்து எடுத்தது. தாண்டிவிடலாம். 5ஆம் புத்தகம் 30 அத்தியாயங்கள் கொண்ட சொல்லகராதி. தேவைப்படும்போது புரட்டினால் போதும்.

முதலில், சாக்ரடீஸுக்கு முந்தைய கிரேக்க மெய்யியலாளர் பார்மெனிடீஸ். அக்காலத்தவரின் எஞ்சிய வரிகளைத் திரட்டிய டீல்ஸ்-கிரான்ஸ் தொகுப்பில் 28 B8 என்ற எண்ணில் பார்க்கவும். இல்லாததிலிருந்து எதுவும் வராது. உள்ளது ஏற்கெனவே உள்ளது. ஆகவே தோற்றமும் அழிவும் இல்லை என்கிறார். இந்த முட்டுக்கட்டையை மனதில் வைத்துக்கொண்டு ‘பிசிக்ஸ்’ முதல் புத்தகத்தின் 7, 8 அத்தியாயங்களைப் படியுங்கள். மாற்றத்தின் அடியில் நிலைத்திருக்கும் ஒன்று, அது முன்பு பெறாதிருந்த வடிவம், அந்த வடிவத்தின் இன்மை என மூன்றை வைத்து அரிஸ்டாட்டில் விடை சொல்கிறார். அடுத்து அவரது ‘கேட்டகரீஸ்’ நூலின் 5ஆம் அத்தியாயம். சில பக்கங்கள்தான். இந்த மனிதன், இந்தக் குதிரை போன்ற தனிப்பொருள்களே முதன்மை சப்ஸ்டன்ஸ் (மற்றவை சார்ந்து நிற்கும் அடிப்படை உள்பொருள்) என்று அங்கே வரும்.

பெரும்பாலும் சிக்கல் இங்கிருந்துதான். அதே முடிவை எதிர்பார்த்து ஏழாம் புத்தகத்துக்குள் போனால், அங்கே வடிவமே முதன்மை சப்ஸ்டன்ஸ் என்கிறார். ஏன் மாறினார் என்பது அதன் 3ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. எல்லாப் பண்புகளுக்கும் அடியில் கிடப்பதுதான் சப்ஸ்டன்ஸ் என்றால், பண்புகளை ஒவ்வொன்றாக உரித்துப் பார்ப்போம் என்கிறார். நீளம், அகலம், ஆழம்கூடப் போனபின் மிஞ்சுவது வெறும் பருப்பொருள். அது ‘இன்னது’ என்று சுட்டக்கூடியதல்ல, தனித்து நிற்கவும் நிற்காது. ஆகவே அந்த அளவுகோல் மட்டும் போதாது. 1029a எண்ணிட்ட இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். (அந்த எண், 1831இல் வந்த பெக்கர் என்பவரின் கிரேக்கப் பதிப்பின் பக்க எண்ணும், அந்தப் பக்கத்தின் இரு நெடுவரிசைகளில் எது என்பதும். ஓரத்தில் இந்த எண்கள் இல்லாத மொழிபெயர்ப்பை வாங்காதீர்கள், எந்த விளக்கவுரையோடும் ஒத்துப்பார்க்க முடியாது.)

பிறகு நேராக 17ஆம் அத்தியாயம். அங்கே விசாரணையைப் புதிதாகத் தொடங்குகிறார்: இந்தச் செங்கல்லும் கல்லும் ஏன் ஒரு வீடு? ‘பா’ என்ற அசை வெறும் ப்-உம் ஆ-உம் அல்ல. பிரித்தால் எழுத்துகள் இருக்கும், அசை இருக்காது. எழுத்துகளுக்கு மேல் அசையில் இருக்கும் அந்தக் கூடுதல் இன்னொரு எழுத்தாக இருந்தால் அதையும் சேர்த்துக் கட்ட வேறொன்று வேண்டியிருக்கும். அது உறுப்பு அல்ல, வடிவம். இது பிடிபட்ட பிறகு ஏழாம் புத்தகத்தின் 4 முதல் 16 வரையான அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போகலாம். 8, 9ஆம் புத்தகங்களும் அப்போது வழிவிடும். அசையாத இயக்குநர் (தான் அசையாமல் மற்றவற்றை இயக்கும் முதல் காரணம்) வரும் 12ஆம் புத்தகத்தின் 6 முதல் 10 வரையான அத்தியாயங்களை 9ஆம் புத்தகத்துக்குப் பின் வையுங்கள். ஆற்றலைவிட (ஒன்றாக ஆகக்கூடிய நிலை) செயல்நிலையே (அதுவாக இருக்கும் நிலை) முந்தியது என்று 9ஆம் புத்தகம் நிறுவியிருப்பது அங்கே வேண்டியிருக்கும்.