சிஸ்டரைக் கேளுங்க: இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சாச்சு, இனி வார்டுல என்ன?

(31 வருஷம் அரசு ஆஸ்பத்திரி எலும்பு வார்டுல வேலை பார்த்து ரிட்டயரான ஸ்டாஃப் நர்ஸ், வாசகர்களுக்குப் பதில் சொல்றாங்க)

சிஸ்டர், அம்மாவுக்கு 78 வயசு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு நேத்துதான் ஆபரேஷன் பண்ணி ராடு வச்சாங்க. இன்னைக்குக் காலையிலயே பிசியோ தம்பி வந்து எந்திரிச்சு நில்லுங்கம்மாங்கறார். அம்மா வலியில அழுவுது. கம்பி வளைஞ்சிராதா? தையல் பிரிக்கிற வரைக்கும் படுத்து ரெஸ்ட் எடுத்தா ஆகாதா? – வாசகி, திண்டுக்கல்

ஆகாதும்மா. ரெஸ்ட் எடுக்கட்டும்னு நீங்க பாசத்துல சொல்றீங்க, எனக்குப் புரியுது, ஆனா எங்க வார்டுல ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சும் தேறாமப் போன பெரியவங்க பலபேர் அந்த ரெஸ்ட்டுலதான் போனாங்க. மல்லாக்கப் படுத்தே கிடந்தா நெஞ்சுல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும், யூரின்ல இன்ஃபெக்‌ஷன் வரும், புட்டத்துல புண்ணு வரும், தொடைச் சதை பத்தே நாள்ல கண்ணு முன்னாடி கரையும். நாம இடுப்பு எலும்புன்னு சொல்றது உண்மையில தொடை எலும்போட மேல்முனை, அந்த இடத்துல ராடு வைக்கிறதே சீக்கிரம் நிக்க வைக்கத்தான். காலை ஊனவே கூடாதுன்னு உங்க டாக்டர் தனியா எழுதியிருந்தா மட்டும் அது வேற. இங்கிலாந்துல அரசாங்க வழிகாட்டுதலே ஆபரேஷனுக்கு மறுநாள் நிக்க வைக்கணும்னுதான் இருக்கு, பிசியோ தம்பி மேல கோவப்படாதீங்க.

அழுவுற விஷயத்துக்கு வரேன். வலி மாத்திரையை, பிசியோ வர்றதுக்கு அரை மணி முக்கால் மணி நேரம் முன்னாடி குடுக்கச் சொல்லி டியூட்டி சிஸ்டர்கிட்ட கேளுங்க. அவர் வந்து காலைத் தூக்கினப்புறம் மாத்திரையைத் தேடினா என்ன பிரயோசனம். நம்ம ஊர் அம்மாக்கள்கிட்ட வலிக்குதான்னு கேட்டா "அதெல்லாம் இல்ல"ம்பாங்க, அதனால புரட்டும்போது முகத்தைப் பாருங்க, புருவம் சுருங்கினா வலி இருக்கு. முதல்ல கட்டில் ஓரத்துல காலைத் தொங்கப்போட்டு அஞ்சு நிமிஷம் உக்காரட்டும், தலை சுத்தலைன்னா வாக்கரைப் பிடிச்சு நிக்கட்டும். சேலை வேண்டாம், நைட்டி போட்டு விடுங்க, வாக்கர் கால்ல முந்தானை மாட்டி மறுபடி விழுந்த கதை எல்லாம் பாத்தாச்சு.

இன்னொண்ணு, குதிகால். எல்லாரும் புட்டத்தைப் பாப்பாங்க, குதிகாலை மறந்துருவாங்க. ஆபரேஷன் பண்ண கால் அசையாம ஒரே இடத்துல அழுத்திக்கிட்டு கிடக்கும், மூணாம் நாள் டார்ச் அடிச்சுப் பாத்தா நாவப்பழக் கலர்ல ஒரு வட்டம் இருக்கும், அது ஆற மாசக்கணக்காகும். கெண்டைக்காலுக்கு அடியில தலையணை குடுத்து குதிகால் அந்தரத்துல நிக்கிற மாதிரி வைங்க, தினமும் தொட்டுப் பாருங்க.

அப்பா 82 வயசு, ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள் ராத்திரி திடீர்னு "பை கட்டியாச்சா, வண்டி போயிரும்"னு கத்துறார், டிரிப்ஸைப் பிடுங்குறார், என்னையே யார் நீங்கன்னு கேக்குறார். கையைக் கட்டிப் போட்டுட்டாங்க. மயக்க மருந்துல மூளை போயிருச்சா? பக்கத்து பெட்காரர் காத்து கருப்புங்கறார். – வாசகர், கும்பகோணம்

காத்துமில்ல கருப்புமில்ல தம்பி, இதுக்குப் பேரு டெலிரியம். வயசானவங்களுக்கு இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் ரொம்ப சகஜமா வர்றது, பெரும்பாலும் சில நாள்ல தெளியும், சிலருக்கு வாரக்கணக்குல இழுக்கும். மூளை போயிருச்சுன்னு முடிவு கட்டாதீங்க, ஆனா ஏதோ ஒண்ணு உடம்புல சரியில்லன்னு அது அடிக்கிற மணி. அதைத் தேடணும். சளிக்காய்ச்சலா, யூரின் இன்ஃபெக்‌ஷனா, சோடியம் குறைஞ்சிருக்கா, நாலு நாளா மோஷன் போகலையா, வலி அடங்கலையா, இல்ல தூக்க மாத்திரையே காரணமா. நான் டியூட்டியில இருந்தப்ப ஒரு தாத்தா ராத்திரி பூரா வார்டையே அலற விட்டார், எல்லாரும் பைத்தியம்னுட்டாங்க, அடிவயித்தைத் தொட்டுப் பாத்தா கல்லு மாதிரி இருக்கு. யூரின் டியூப் அடைச்சிருந்தது. டியூபை மாத்தினதும் பை நிறைஞ்சது, மனுசன் ஒரு டீ கேட்டு வாங்கிக் குடிச்சுட்டுத் தூங்கிட்டார்.

நீங்க டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியது ஒரே வரி: "முந்தாநாள் வரைக்கும் பேப்பர் படிச்சவர், இது திடீர்னு வந்தது." இதைச் சொல்லலைன்னா ஏற்கனவே மறதி உள்ளவர்னு நினைச்சு விட்டுருவாங்க. அப்பா தினமும் குடிக்கிறவரா இருந்தா மறைக்காமச் சொல்லுங்க, மானம் மரியாதை பாக்காதீங்க, திடீர்னு நிப்பாட்டினா அதுலயும் இப்படி ஆகும், அதுக்கு வைத்தியமே வேற. கையைக் கட்டினா இன்னும் மிரளுவாங்க, அவிழ்க்கச் சொல்லி, நான் பக்கத்துலயே இருக்கேன்னு பொறுப்பெடுத்துக்கங்க. கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூணையும் வீட்டுல பத்திரமா வச்சிருப்பீங்களே, அதைக் கொண்டுவந்து மாட்டி விடுங்க. பகல்ல ஜன்னல் திறந்திருக்கட்டும், ராத்திரி லைட்டைக் குறைக்கட்டும், ஆள் ஆளா மாறாம தெரிஞ்ச முகம் ஒண்ணு கூட இருக்கட்டும். பை கட்டியாச்சான்னு கேட்டா இது போஸ்ட் ஆபீஸ் இல்லப்பான்னு சண்டை போடாதீங்க, கட்டியாச்சுப்பா, தண்ணி குடிங்கன்னு சொல்லுங்க. நான் பயப்படுறது கத்துறவங்களைப் பாத்து இல்ல. சத்தமே இல்லாம, சாப்பாடு தண்ணி கேக்காம, எந்நேரமும் கண்ணை மூடிட்டே கிடக்கிறாங்க பாருங்க, நல்லா தூங்குறாங்கன்னு வீட்டுக்காரங்க சந்தோஷப்படுவாங்க, அதுவும் டெலிரியம்தான், யாரும் கவனிக்காததால அதுதான் மோசம்.

முட்டை, மீன், கத்திரிக்காய் குடுத்தா சீழ் பிடிக்கும்னு பெரியம்மா தடுக்குறாங்க, வெறும் கஞ்சிதான் குடுக்கிறோம். – வாசகி, தூத்துக்குடி

தூத்துக்குடியில இருந்துக்கிட்டு மீன் குடுக்காம இருக்கீங்களே! சீழ் பிடிக்கிறது கிருமியால, மீனால இல்ல. புண்ணு ஆற புரோட்டீன் வேணும், 50 கிலோ எடை உள்ளவங்களுக்கு ஒரு நாளைக்கு 60 கிராமாவது. ஒரு முட்டையில 6 கிராம் இருக்கு, கஞ்சித் தண்ணியில பேருக்குத்தான். கிட்னி பிரச்சனை இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டுக்கங்க. சைவம்னா பருப்பு, தயிர், பன்னீர், சுண்டல். ஒரேயடியா திணிக்காம கொஞ்சம் கொஞ்சமா, உக்கார வச்சுக் குடுங்க.

மூணு பந்து உள்ள பிளாஸ்டிக் மிஷின் குடுத்தாங்க, பாட்டி எவ்வளவு ஊதினாலும் பந்து ஏறல. – வாசகர், ஓசூர்

ஊதினா எப்படிப்பா ஏறும், அது நுரையீரலுக்கான மூச்சுப் பயிற்சி மிஷின், உறிஞ்சணும்! இளநியில ஸ்ட்ரா போட்டு இழுக்கிற மாதிரி மெதுவா இழுத்து ரெண்டு மூணு செகண்ட் பிடிக்கணும். ஒரு பந்து ஏறினாலே போதும்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பாத்துட்டு சூப்பர்னு போயிடுறார். சுகர், பிரஷர், தூக்கமில்லாதது எல்லாம் யார்கிட்ட கேக்குறது? – வாசகி, சேலம்

நியாயமான கேள்வி. எலும்போட சேர்த்து முழு உடம்பையும் பாக்கணும்னுதான் 1950கள் கடைசியில இங்கிலாந்துல ஹேஸ்டிங்ஸ்ங்கற ஊர்ல எலும்பு சர்ஜன் மைக்கேல் டெவாசும் முதியோர் மருத்துவர் ஒருத்தரும் சேர்ந்து ஒரே வார்டுல நோயாளிகளைப் பாக்க ஆரம்பிச்சாங்க. நார்வேல ட்ரொண்ட்ஹைம் ஆஸ்பத்திரியில 397 பேரை வச்சு ஆராய்ச்சி பண்ணி 2015ல போட்டாங்க, முதியோர் மருத்துவக் குழு பாத்தவங்க நாலு மாசம் கழிச்சு சாதாரண எலும்பு வார்டுல இருந்தவங்களை விட நல்லா நடமாடினாங்க. நம்ம கிண்டியில 2024ல 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனை வந்துருக்கு, ஆனா எல்லா ஊர்லயும் அப்படி டாக்டர் கிடைக்க மாட்டாங்க. பொது மருத்துவர் ஒருத்தர் தினமும் வந்து பாக்கணும்னு அட்மிஷன் அன்னைக்கே கேளுங்க. வீட்டுல சாப்பிட்ட மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டுபோங்க, "வெள்ளை மாத்திரை, சின்னது"ன்னு சொன்னா எவருக்கும் புரியாது.

நாளைக்கு டிஸ்சார்ஜ். என்னென்ன கேட்டு வாங்கணும்? – வாசகர், மதுரை

ரத்தம் உறையாம இருக்க ஊசியோ மாத்திரையோ எத்தனை நாளைக்குன்னு கேளுங்க, பலருக்கு ஒரு மாசம் வரைக்கும் தேவைப்படும். உள்ள வச்சது ராடா, இல்ல செயற்கைப் பந்து மூட்டான்னு கேளுங்க. பந்து மாத்தியிருந்தா தாழ்வான நாற்காலி, சம்மணம், கால் மேல கால் கூடாதுன்னு பெரும்பாலும் சொல்லுவாங்க. ரெண்டுல எதுவானாலும் இந்தியன் டாய்லெட்டுல குந்த வைக்காதீங்க, டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே கமோட் சேர் வாங்கிருங்க.

முக்கியமா எலும்பு தேய்மானத்துக்கு மருந்து எழுதியிருக்காங்களான்னு பாருங்க, பாதி டிஸ்சார்ஜ் சம்மரியில இருக்காது. நின்ன வாக்குல விழுந்து இடுப்பு உடையுதுன்னா எலும்பு ஏற்கனவே உளுத்துப்போயிருக்குன்னு அர்த்தம். சோலெட்ரானிக் ஆசிட்னு (zoledronic acid) வருஷத்துக்கு ஒரு ஊசி டிரிப்ஸ்ல போடுவாங்க. இடுப்பு உடைஞ்சவங்களுக்கு இதைப் போட்டுப் பாத்த 2007 ஆராய்ச்சியில மறுபடி எலும்பு முறியறது 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைஞ்சது. கிட்னியும் விட்டமின் டியும் பாத்துட்டுத்தான் போடுவாங்க, உங்க வீட்டு ஆளுக்கு எப்போன்னு தேதியோட எழுதி வாங்குங்க. வீட்டுக்கு வந்து பிசியோ பாக்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவத்துல பேரைப் பதிஞ்சு விடுங்க, காசு கிடையாது. அப்புறம் அந்த வாக்கரோட நாலு கால் ரப்பரும் தேய்ஞ்சிருக்கான்னு கவுத்துப் பாத்துட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.