பொள்ளாச்சி கொப்பரைக் களம்: போட்ட அன்னைக்கே விரிசல் ஏன்?

கொப்பரை காய வைக்க 20க்கு 30 அடிக் கான்கிரீட் களத்துல ஒரு பகுதி போட்டு, அன்னைக்குச் சாயங்காலமே மயிரிழை விரிசல்னு எழுதியிருக்கீங்க. சிமெண்டைச் சந்தேகப்படாதீங்க, பாலக்காட்டுக் கணவாய்க் காத்துதானுங்க காரணம். கான்கிரீட் இறுகறதுக்குள்ள மேல்தண்ணியை உறிஞ்சிடுது. அதுக்கு மேல வறட்டு சிமெண்ட் தூவித் தேய்ச்சா, அந்தத் தோல் பின்னாடி உரிஞ்சு வரும்.

மீதிக் களத்துக்கு: கிராவலை நனைச்சு ரோலர் போட்டு இறுக்குங்க. 4 அங்குலக் கனம், 1:1½:3 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி); 600 சதுர அடி முழுசுக்கும் 45 மூட்டை பக்கம் ஆகும். வெயில் தாழ்ந்த பிறகு ஊத்தி, மட்டம் பண்ணுன கையோட பாலித்தீன் தாள் மூடிடுங்க. 10 அடிக்கு ஒரு கோடு கான்கிரீட்டுல வெட்டி விடுங்க, 1 அங்குல ஆழம், மறுநாள் காலைலயே. தள்ளிப்போட்டா அதுவே இஷ்டத்துக்குப் பிளந்துக்கும். 10 நாள் ஈரச்சாக்கு போட்டு வைங்க. தண்ணி வடிய வாட்டம் (சரிவு) 8 அடிக்கு 1 அங்குலம்.