பவர்பாயிண்ட் பேச்சில் கூட்டத்தையும் சேர்த்துக்கொள்வது எப்படி?

உங்கள் ஸ்லைடுகள் முழுக்க எழுத்தாக இருக்கின்றன, அவற்றைப் படமாகவும் கூட்டம் பங்கெடுக்கும்படியும் மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயிகள் கூட்டங்களில் நெல் பயிர்ப் பாதுகாப்பு பற்றிப் பேசுபவன் நான். முதலில் ஒன்று செய்யுங்கள்: விடை சொல்லும் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் முன்னால் கேள்வி கேட்கும் ஸ்லைடு ஒன்றை வையுங்கள். அனிமேஷன், கலர் எல்லாம் அப்புறம்.

நெல் தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். 'அறிகுறிகள்' என்று தலைப்புப் போட்டு வரிவரியாக எழுதினால் யார் மனதிலும் நிற்காது. நான் திரை முழுக்க இரண்டே படங்கள் போடுவேன். ஒன்றில், தூர் கட்டும் பயிரில் நடுக்குருத்து காய்ந்திருக்கும். இன்னொன்றில், கதிர் வந்த பயிரில் வெளுத்துப்போன பதர்க்கதிர். கீழே ஒரே வரி: 'இது ஒரே பூச்சியா, இரண்டா?' கை தூக்கச் சொல்வேன். ஒருவர் தன் வயலில் பார்த்ததைச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் 'அது வேற, இது வேற' என்பார். பேசட்டும், அவசரப்படுத்தக் கூடாது. அடுத்த ஸ்லைடில் பிளந்த தண்டும் உள்ளே புழுவும். இரண்டுமே அதே புழுவின் வேலைதான். அதற்கடுத்து, நாற்றின் இலை நுனியில் முட்டைக் குவியல். நடவுக்கு முன் நுனியைக் கிள்ளிவிடச் சொல்வது எதற்கு என்று நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்தே பதில் வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

அவர்கள் பேசும்போது கீபோர்டில் ஆங்கில 'B' எழுத்தை அழுத்துங்கள். திரை கறுத்துவிடும், எல்லோரும் பேசுகிறவர் பக்கம் திரும்புவார்கள். மறுபடி அழுத்தினால் படம் வந்துவிடும்.

வரிசையையும் அவர்களிடமே விடலாம். நீர்ப்பாசனம் பற்றிப் பேச வேண்டுமென்றால், கல்லணையில் கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் பிரியும் வரைபடத்தை முதலில் போட்டு, ஒவ்வோர் ஆற்றின் மேலும் அதனதன் ஸ்லைடுக்கு ஹைப்பர்லிங்க் கொடுங்கள். 'எங்க பக்கத்தைக் காட்டுங்க' என்று கடைமடைக்காரர் கேட்டதும் வெண்ணாற்றின் மேல் ஒரு கிளிக், நேராக அங்கே போய்விடலாம்.

செல்போனிலேயே வாக்களிக்க வைக்கும் மென்டிமீட்டர், ஸ்லைடோ போன்றவை கல்லூரி மாணவர்களுக்குச் சரி. ஊராட்சிக் கூடத்தில் கை தூக்குவதுதான் வேகம். எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இருக்காது, நெட்டும் சரியாக எடுக்காது.

படங்களை இணையத்தில் தேடாமல் பக்கத்து வயலில் நீங்களே செல்போனில் எடுங்கள். தங்கள் ஊர் வரப்பைத் திரையில் பார்த்தால் மக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தமிழை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துரு அந்த ஊர்க் கணினியில் இல்லையென்றால் ஸ்லைடு முழுக்க ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பகல் நேரக் கூடங்களில் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை இருக்காது, புரொஜெக்டர் வெளிச்சம் மங்கிவிடும். அதனால் வெள்ளைப் பின்னணியில் தடித்த கறுப்பு எழுத்தாகவே வைத்துக்கொள்ளுங்கள்.