நெஞ்சில் காற்று ஏற்றிய வைத்தியம்

கேள்வி: காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் நெஞ்சுக்குள் காற்று ஏற்றினார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். இத்தாலிய மருத்துவர் கார்லோ ஃபோர்லானினி (1847–1918) 1882-ல் இந்த யோசனையை எழுதினார். 1888-ல் நோயாளிக்குச் செய்தார். ஓயாமல் விரிந்து சுருங்கும் நுரையீரலில், காசநோய் அரித்து உண்டாக்கும் குழிப்புண் ஆறுவது கடினம். நுரையீரலைச் சுருக்கி ஓய்வில் வைத்தால் குழியின் சுவர்கள் ஒட்டி மூடும் என்று கணித்தார். மருந்தில்லாத நாளில் எத்தனை துணிச்சலான சிந்தனை!

நோயுள்ள பக்கம் மேலே இருக்க ஒருக்களித்துப் படுக்கவைத்து, அக்குளுக்குக் கீழே விலா இடுக்கில் ஊசி குத்தி, நுரையீரலின் இரண்டு உறைகளுக்கு நடுவே வாயுவை விட்டு நுரையீரலைச் சுருங்கவைப்பார்கள். சாதாரணக் காற்றைவிட மெதுவாக உடலில் கரைவதால் ஃபோர்லானினி நைட்ரஜனைத் தேர்ந்தெடுத்தார். முதல் தடவை பொதுவாக 200–300 மி.லி. போதும்.

ஊசி நிற்கும் இடம்தான் உயிர்நாடி. டென்மார்க்கின் கிறிஸ்டியன் சவுக்மன் 1904-ல் நீர் அழுத்தமானியைச் சேர்த்தார். மூச்சோடு நீர்மட்டம் ஆடினால் சரியான இடம். ஆடாவிட்டால் வாயுவைத் திறக்கவே கூடாது. இரத்தக்குழாயில் புகுந்த குமிழ் மூளைக்குப் போனால் மரணமே நேரலாம்.

கேள்வி: ஒருமுறை செய்தால் போதுமா?

பதில்: போதாது. வாயு கரைந்துவிடும். முதலில் சில நாளுக்கொரு முறை, பிறகு சில வாரத்துக்கொரு முறை என்று ஆண்டுக்கணக்கில் நிரப்ப வேண்டும். உறைகள் ஒட்டிப்போயிருந்தால் நுரையீரல் சுருங்காது. அந்த ஒட்டுகளைக் குழாய்க் கருவியால் பார்த்துச் சுட்டு அறுக்கும் முறையைச் சுவீடனின் ஜேகோபேயுஸ் கொண்டுவந்தார்.