அம்மா ஏன் சொல்லவில்லை?

வணக்கம்,

உங்கள் இளையோர் நாவலை நானும் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளும் சேர்ந்தே படித்தோம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் ரகசியச் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் வேலை பார்த்த அந்த அம்மா, மகள் எத்தனை முறை கேட்டும் கடைசிவரை வாயே திறப்பதில்லை. போர் முடிந்து 25 வருடம் ஆகியுமா? பெற்ற மகளிடம்கூடவா? முடிவில் எங்கள் இருவருக்குமே ஏமாற்றம்.

க., மதுரை

அன்புள்ள க.,

அம்மா எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கும் ஓர் அத்தியாயத்தை முதலில் நானும் எழுதினேன். பிறகு எடுத்துவிட்டேன். கதை நடப்பது 1970-இல். ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை பிளெட்ச்லியில் உடைத்த விஷயம் பிரிட்டனில் பரவலாகத் தெரியவந்ததே 1974-இல்தான். போரின் கடைசியில் அங்கே ஏறத்தாழ 9,000 பேர் வேலை பார்த்தார்கள். நாலில் மூன்று பேர் பெண்கள். வாய் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள். கணவன் மனைவி இருவருமே அங்கே இருந்தும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத வீடுகள் உண்டு.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டுமா அவள் பேசவில்லை? சொல்ல அவளிடம் என்ன இருந்தது? எனிக்மாவை உடைக்க உதவிய 'பாம்ப்' என்ற இயந்திரத்தின் முன்தான் அவள் நின்றாள்: ஆளைவிட உயரம், ஒரு டன் எடை, 108 உருளைகள். உருளைக்குள் இருக்கும் மெல்லிய கம்பித் தூரிகைகள் ஒன்றோடொன்று ஒட்டினால் ஷார்ட் ஆகிவிடும். புருவ முடி பிடுங்குகிற மாதிரியான சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்து நிமிர்த்த வேண்டும். எட்டு மணி நேர ஷிஃப்டில் இருபது வயதுப் பெண் செய்த வேலை இது. இயந்திரம் நின்றால் எழுத்துகளைக் குறித்து அனுப்புவாள். அது எந்தக் கப்பலைக் காப்பாற்றியது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

என்னை அதிகம் உறுத்தியது வேறு. அங்கே வேலை பார்த்த தங்கள் மகள் ஏதோ குமாஸ்தா வேலை பார்த்தாள் என்று நினைத்தபடியே 1974-க்கு முன் கண்ணை மூடிய பெற்றோர். தாத்தாவின் சாவுக்கு நான் அத்தனை பக்கம் கொடுத்தது அதனால்தான்.

ரேடியோ ரிப்பேர் ஆகும் அத்தியாயத்தை உங்கள் மகளிடம் இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள். அரையிருட்டில் விளக்குகூடப் போடாமல் அம்மா இடுக்கியால் கம்பிகளைப் பிரித்துக்கொண்டிருப்பாள். மகள் கதவோரம் நின்று அந்த விரல்களையே பார்ப்பாள். அன்றைக்கு மட்டும் அவள் எதுவும் கேட்கவில்லை.